மூச்சை அளத்தல்: கருவி, இனம், பஞ்சாலை உடல்

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் என்னிடம் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். திண்டுக்கல், ராஜபாளையம் என்று பல ஊர்ப் பஞ்சாலைகளில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அதில் பாதிக்கு மேல் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் போனது. எங்கோ நடந்த மருத்துவ முகாமில் ‘ஊதுற மிஷின்’ வைத்துச் சோதித்துக் கொடுத்த சீட்டு அது. “நார்மல்னு போட்டிருக்காம் தம்பி. ஒரு கொடம் தண்ணியத் தூக்கிட்டு நாலு எட்டு வைக்க முடியல. இது எப்படி நார்மல்?” என்றார். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் நுரையீரல் சீட்டைக் கொண்டுவந்தால் அவனால் செய்யக்கூடியது ஒன்றுதான், பிரதியை வாசிப்பது. வாசித்தேன். வயது, உயரம், பால் என்று போகிற வரிசையில் நான்காவதாக ஒரு கட்டம். இனம்: ஆசியர். அதை ஒட்டி, திருத்தம்: 90 சதவீதம். அந்த நான்காவது கட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

ஸ்பைரோமீட்டர் செய்வது எளிய வேலை. நெஞ்சு நிறைய இழுத்து, மிச்சமில்லாமல் ஊதினால், வந்த காற்று எத்தனை லிட்டர், அதில் முதல் நொடியில் வந்தது எவ்வளவு என்று சொல்லும். இதுவரை தகராறு இல்லை. ஆனால் மூன்று லிட்டர் என்ற எண் மட்டும் மருத்துவரிடம் எதுவும் பேசாது. ‘இந்த ஆளுக்கு இவ்வளவு இருக்க வேண்டும்’ என்று இன்னொரு எண் வேண்டும். அந்த எதிர்பார்ப்பு எண்ணைக் கருவி தனக்குள்ளே வைத்திருக்கிற சமன்பாட்டிலிருந்து எடுக்கிறது. ஊதியதை அதனால் வகுத்துச் சதவீதமாக்குகிறது. 80க்குக் கீழே போனால் குறை என்பது நெடுநாள் வழக்கம். ஒரே வயது, ஒரே உயரமுள்ள இரண்டு ஆண்கள் ஆளுக்கு மூன்று லிட்டர் ஊதுகிறார்கள் என்று வையுங்கள். வெள்ளைக்காரனுக்கு எதிர்பார்ப்பு நான்கு லிட்டர் என்றால் அவன் 75 சதவீதம், நோயாளி. நம்மவனுக்கு அந்த நான்கைத் தொண்ணூறு சதவீதமாகத் ‘திருத்தி’ 3.6 ஆக்கினால் அவன் 83 சதவீதம், நார்மல். ஊதிய காற்று ஒன்றேதான், ஆனால் ஒருவன் மருத்துவரிடம் போகிறான், மற்றவன் ஷிப்டுக்குப் போகிறான்.

இயல்பு என்ற சொல் ‘பெரும்பாலோர் இப்படி இருக்கிறார்கள்’ என்பதையும் ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது என்பதை ழார்ழ் கங்கிலெம் 1943லேயே விவாதித்துவிட்டார். ஃபூக்கோவை மேற்கோள் காட்டாத சிறுபத்திரிகைக் கட்டுரை இல்லை என்றிருந்த காலத்தில்கூட அவருடைய ஆசிரியரான இந்த மனிதரை நாம் அதிகம் சீண்டவில்லை. நமக்கு ‘இனம்’ என்ற சொல்லில் வேறொரு சிக்கலும் உண்டு. இனமானம், இனவுணர்வு, இனப்பகை என்று ஒரு நூற்றாண்டாக அரசியல் மேடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வந்த சொல் அது. அதே சொல் சீட்டில் அச்சாகும்போது நெஞ்சின் கொள்ளளவில் பத்து சதவீதத்தைக் கழித்துக்கொள்வதற்கான உரிமமாக வந்து நிற்கிறது. இரண்டும் வேறு வேறு சொற்கள் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. இரண்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் அளவுகோல் பெட்டியிலிருந்து எடுத்தவை.

*

ஸ்பைரோமீட்டரை இன்றைய பொருளில் நிலைநாட்டியவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர். 1846இல் லண்டனில் வெளியான நீண்ட கட்டுரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்த முடிவுகளை அட்டவணைகளாகப் போட்டார். உயரம் ஓர் அங்குலம் கூடினால் நுரையீரல் கொள்ளளவு எட்டுக் கன அங்குலம் கூடும் என்ற கணக்கு அவருடையது. ‘உயிர்க் கொள்ளளவு’ என்று தமிழில் நாம் பெயர்க்கிற சொல்லும் அவர் வைத்ததுதான்.

அவர் யார் யாரை அளந்தார் என்பதைப் பாருங்கள். மாலுமிகள், தீயணைப்புப் படையினர், லண்டன் போலீஸார், தேம்ஸ் நதிப் போலீஸார், கைவினைஞர்கள், அச்சுக்கோப்பவர்கள், அச்சு இயந்திரம் ஓட்டுபவர்கள், பீர் வண்டிக்காரர்கள், ஏழைகள் விடுதியில் கிடந்தவர்கள், படைவீரர்கள், கனவான்கள். மல்லர்களும் நெட்டையர்களும் குள்ளர்களும்கூட உண்டு. அதாவது கருவியின் முதல் அட்டவணை தொழிலால் பிரிக்கப்பட்டது. இதை ஹட்சின்சனின் முற்போக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அவர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு மருத்துவராக இருந்தவர். யாருக்குப் பாலிசி கொடுக்கலாம், எவனைச் சேர்த்தால் நஷ்டம் என்று கணக்குப் பார்க்கிற உலகத்தின் ஆள். ஆனாலும் தொழிற்புரட்சியின் நகரத்தில் ஒரு உடலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அது என்ன வேலை செய்கிறது என்பதே என்று அந்த அட்டவணைக்குத் தெரிந்திருந்தது. நம் சீட்டில் வயதுண்டு, உயரமுண்டு, இனமுண்டு. புளோ ரூமில் எத்தனை வருஷம் என்று கேட்கிற கட்டம் இல்லை.

தொழில் போய் இனம் வந்தது அட்லாண்டிக்கின் மறுகரையில். அங்கே கருவி போய்ச் சேருவதற்கு முன்பே எண்ணம் தயாராக இருந்தது. பிற்காலத்தில் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன், தானே அடிமைகளை வைத்திருந்தவர், 1780களில் வெளியான வர்ஜீனியா பற்றிய நூலில் கருப்பர்களின் சுவாச உறுப்பின் அமைப்பே வேறாக இருக்கலாம் என்று ஒரு ஊகத்தை விட்டுவைத்தார். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தென்மாநில மருத்துவர் அதற்கு எண் கொடுத்தார்: கருப்பரின் நுரையீரல் வெள்ளையருடையதைவிட ஏறத்தாழ இருபது சதவீதம் குறைவு. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, கட்டாய உழைப்புதான் அவர்களுடைய ரத்தத்துக்கு வேண்டிய காற்றைக் கொடுத்து உயிர்ப்போடு வைத்திருக்கிறது, ஆகவே அடிமைமுறை ஒரு வைத்தியம். தப்பியோடும் அடிமைகளுக்கு ஓடுகிற மனநோய் என்று கிரேக்கத்தில் பெயர் சூட்டிய அதே ஆசாமிதான் இவர். அந்த நோயை உலகம் சிரித்து ஒதுக்கிவிட்டது. சதவீதம் மட்டும் ஒதுங்கவில்லை.

உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களைப் பெருந்தொகையில் அளந்த விவரங்களை பெஞ்சமின் கூல்ட் 1869இல் வெளியிட்டார். வெள்ளை, கருப்பு, கலப்பு, செவ்விந்தியர் என்று நிறத்தால் பிரித்த அட்டவணை. நேற்றுவரை அடிமையாக இருந்து, சோறும் துணியும் கூரையும் சரியில்லாமல் வந்தவனுடைய மூச்சு குறைவாக இருந்ததில் என்ன ஆச்சரியம்? ஆனால் அட்டவணையில் அடிமைமுறைக்குப் பத்தி இல்லை, நிறத்துக்கு இருந்தது. 1896இல் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் ஹாஃப்மன் இதையெல்லாம் திரட்டி, கருப்பினம் தன் பலவீனத்தாலேயே அழிந்துபோகும் என்று எழுதினார். மறுவருஷமே கெல்லி மில்லர் என்ற கருப்பினக் கணித அறிஞர் அதை வரிக்கு வரி மறுத்தார். 1906இல் டு பாய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழக ஆய்வு வரிசையில், உடல்நிலை வேறுபாட்டுக்கு வாழ்நிலையே காரணம் என்பதை நிறுவ ஒரு தொகுதியே கொண்டுவந்தார். இரண்டும் அச்சில் இருந்தன. மருத்துவப் பாடப்புத்தகம் ஹாஃப்மன் பக்கம் நின்றது.

*

இனிச் சென்னை மாகாணத்துக்கு வருவோம். இங்கே உடலை அளப்பது புதிதாக வந்து இறங்கிய வேலை இல்லை. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இடுக்கிக் கருவியோடு மாகாணம் முழுக்கத் திரிந்து மூக்கையும் மண்டையையும் அளந்தார். தன்னைக் கண்டதும் வயநாட்டுப் பணியப் பெண்கள் ஓடிப்போனார்கள், அவர்களில் நல்ல மாதிரிகளைப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவேன் என்று பயந்துவிட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார், வேடிக்கையாக. அந்தப் பெண்கள் மியூசியம் என்ற நிறுவனத்தைப் பற்றி நம்மில் பலரைவிடத் துல்லியமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. ரங்காச்சாரியோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளியாயின. கப்பலூருக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சீமையில், ‘ரேகைச் சட்டம்’ என்றே மக்கள் வாயில் பெயர் பெற்றது குற்றப் பரம்பரைச் சட்டம். பதிவுக்குக் கைநீட்ட மறுத்த பெருங்காமநல்லூர்க்காரர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். உடலிலிருந்து ஒரு அடையாளத்தை எடுத்துக் காகிதத்தில் ஏற்றினால் அப்புறம் காகிதம்தான் பேசும், உடல் பேசாது என்பதை இந்த வட்டாரம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

மூச்சளவு இங்கே வந்தது 1930களின் தொடக்கத்தில். அதுவும் போலீஸோடு வரவில்லை, கல்லூரியோடு வந்தது. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்கரான எலினார் மேசன், பாஸ்டனில் இருந்த கார்னகி ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் ஃபிரான்சிஸ் பெனடிக்டோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் உடல் சும்மா இருக்கும்போது எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று அளந்தார். அமெரிக்கப் பெண்களைவிடக் குறைவு என்று வந்தது. அடுத்து, உயரம், எடை, உடற்பரப்பு இவற்றைக் கொண்டு தென்னிந்தியப் பெண்ணின் நுரையீரல் கொள்ளளவைக் கணிக்கும் அளவைகளை வகுத்தார். ஏறத்தாழ அதே சமயத்தில், 1932இல், கிருஷ்ணன், வரீத் என்ற இருவர் தென்னிந்திய ஆண் மருத்துவ மாணவர் 103 பேரை அளந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். மேற்கத்திய அளவைவிட இதுவும் குறைவு.

இவர்கள் யாரும் கார்ட்ரைட் இல்லை. நேர்மையாகவே வேலை செய்தவர்கள். வெள்ளையனுக்கு வகுத்த அளவை நம் மேல் போடாதே என்பதும் ஒருவகையில் சுயமரியாதையான கோரிக்கைதான். என் கேள்வி அவர்கள் வைத்த பெயரைப் பற்றியது. 103 மருத்துவ மாணவர்கள் எப்படித் ‘தென்னிந்தியர்’ ஆனார்கள்? வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் மருத்துவக் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தவன் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்பது நமக்குத் தெரியாததா? மூட்டை தூக்குகிறவனும், நாற்று நடுகிறவளும், மதுரையில் 1890களிலிருந்தே பஞ்சுக்குள் நின்ற ஹார்வி மில்காரனும் அந்த 103இல் இல்லை. அவர்களை அளந்திருந்தால் எண் கூடியிருக்குமோ குறைந்திருக்குமோ, அது வேறு விஷயம். மூட்டை தூக்குகிறவனின் நெஞ்சு மாணவனுடையதைவிடப் பெரிதாகவும் இருந்திருக்கலாம். ஹட்சின்சன் அட்டவணையில் வண்டிக்காரனுக்கும் அச்சுக்கோப்பவனுக்கும் தனித்தனி வரி இருந்தது. சென்னைக்கு வந்தபோது அந்த வரிகள் எல்லாம் ஒன்றாக மடித்து ‘தென்னிந்தியர்’ என்ற ஒரே வரிக்குள் செருகப்பட்டன. சாதியையே கண்ணால் பார்த்துப் பழகிய ஒரு சமூகத்தில், சாதி தெரியாத ஒரு அறிவியல் பெயர் எவ்வளவு வசதி!

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஐந்தாறு வருஷம் முன்னால்தான் இதே மாகாணத்தில், குன்னூரில், இதற்கு நேர்மாறான சாட்சியம் கிடைத்திருந்தது. பாஸ்டர் நிலைய வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் ஒரே வம்சத்து வெள்ளெலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, மராத்தியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி என்று போட்டுக் கடைசிக் கூட்டத்துக்கு மதராஸி சாப்பாடு கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் தின்ற சீக்கிய எலி நன்றாகக் கொழுத்தது. தீட்டிய அரிசிச் சோறு தின்ற மதராஸி எலி வரிசையில் கடைசி. எலிக்கு என்ன இனம்? ஒரே தாய்வழி எலிகள்தானே! தட்டில் போட்டதை மாற்றினால் ‘இனம்’ மாறிவிடுகிறது என்று அந்தக் கூண்டுகள் காட்டின. மெக்காரிசனே அதை அப்படி வாசிக்கவில்லை. போர்க்குடி, பலவீனக்குடி என்று ராணுவத்தார் போட்டுவைத்திருந்த வரிசையை மனசில் வைத்துக்கொண்டுதான் சாப்பாட்டை அடுக்கினார். ஆனால் பரிசோதனை அவரைவிடக் கூடுதலாகப் பேசியது. அது பேசியதைச் சென்னையின் மூச்சளவுகள் காதில் வாங்கவில்லை.

வசதியான வீட்டு மருத்துவ மாணவனுக்கே குறைந்தது என்றால் வறுமையை எப்படிக் காரணம் காட்டுவாய் என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நுரையீரலின் அளவு ஒருத்தன் காலேஜில் தின்ற சாப்பாட்டால் தீர்மானமாவதில்லை. கருவில் இருந்தபோது தாய்க்குக் கிடைத்தது, தாய் தன் சிறுவயதில் தின்றது, அடுப்படிப் புகை, சின்ன வயதில் வந்த சளிக்காய்ச்சல், உடம்புக்கும் காலுக்கும் உள்ள நீள விகிதம், இத்தனையும் அதில் உண்டு. ஹைதராபாத் குழந்தைகளை அளந்து 2005இல் வெளியான ஆய்வு, வசதியுள்ள குடும்பத்துக் குழந்தைகளின் நுரையீரல் ஏழைக் குழந்தைகளுடையதைவிட நன்றாக இருந்ததைக் காட்டியது. லண்டனில் வளர்ந்த தெற்காசியக் குழந்தைகளிடம் வேறுபாடு முழுக்க மறைந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆகவே வேறுபாடே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. 2013இல் 17 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், வயதும் உயரமும் பாலும் சமப்படுத்திய பிறகும், முதல் நொடியில் ஊதும் காற்று வட அமெரிக்க, ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் ஏறத்தாழ 31 சதவீதம் குறைந்திருந்தது. இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் ஒரு சமூகம் பதற வேண்டும். ‘இனம்’ என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டால் பதற வேண்டிய அவசியமில்லை. பற்றாக்குறை இயற்கையாகிவிடுகிறது.

அளவுகளைக் கண்டு மிரளாமல் அவற்றையே திருப்பிப் பிடித்தவர் ஒருவர் நம்மிடம் இருந்தார். மூக்கு அகலமாக ஆகச் சாதியின் அந்தஸ்து இறங்கும் என்று ரிஸ்லி எழுதிவைத்ததை, அதே மானுட அளவைக் கணக்குகளை குர்யே தொகுத்த வடிவில் எடுத்துக்கொண்டு, 1948இல் ‘தீண்டப்படாதோர்’ பற்றிய நூலில் அம்பேத்கர் உடைத்தார். பார்ப்பனருக்கும் தீண்டத்தகாதவராக ஆக்கப்பட்டவருக்கும் மூக்களவில் இன வேறுபாடு கிடையாது. அப்படியானால் தீண்டாமைக்கு இனம் காரணமல்ல, வரலாறுதான் காரணம் என்றார். அளப்பதை நிறுத்து என்று அவர் கேட்கவில்லை. அளந்ததை யார் வாசிப்பது என்பதுதான் அவருக்குப் பிரச்சினை.

*

பஞ்சுக்கு வருவோம். பைசினோசிஸ் என்பது பஞ்சுத்தூசி நெஞ்சில் ஏறி வருகிற நோய். லங்காஷயர் ஆலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் 1950களில் இதைப் படிப்படியாக வகைப்படுத்தினார். இதன் தனிக்குணம், ஆரம்பத்தில் வாரவிடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுகும், மறுநாள் தேவலை. அதனால் தொழிலாளியே அதைப் பெரிசுபடுத்தமாட்டார். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் முதல் நாளாகிவிடும். தூசி மிகுதி எங்கே என்றால் பேலை உடைக்கிற இடத்தில், புளோ ரூமில், கார்டிங்கில். இந்த இடங்களில் யாரை நிறுத்துவார்கள் என்பதற்கு எல்லா நாட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்கத் தென்மாநில ஆலைகள் 1964 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு கருப்பரைப் பரவலாக உள்ளே விட்டபோது, அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது இந்த அறைகளில்தான்.

அங்கே தொழிலாளிகள் அமைப்பாகித் தெருவுக்கு வந்து போராடியதன் விளைவாக 1978இல் பஞ்சுத்தூசி விதி வந்தது. ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டார்கள், 1981இல் உச்சநீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. தொழிலாளியை ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது அந்த விதியின் ஒரு பகுதி. வெற்றிதான். ஆனால் அதே விதியில் ஒரு வரி இருந்தது: கருப்பருக்கு எதிர்பார்ப்பு எண்ணை 0.85ஆல் பெருக்கிக்கொள்ளவும். மிக அதிகத் தூசியில் நிறுத்தப்பட்டவன் நோயாளி என்று பதிவாவதற்குப் பக்கத்தில் நிற்கிற வெள்ளையனைவிடக் கூடுதலாக மூச்சை இழந்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட பெருக்கெண்ணுக்கு அறிவியல் ஆதாரமாகப் பலரும் காட்டிய 1974ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று ராசிட்டர், வைல் என்ற இருவருடையது, 13.2 சதவீதம் என்ற வேறுபாட்டை அது நியூ ஆர்லியன்சின் கல்நார் சிமெண்ட் ஆலைத் தொழிலாளிகளை அளந்து கண்டுபிடித்தது. தூசியில் நிற்பவர்களின் நெஞ்சிலிருந்து எடுத்த எண், மற்றவர்களின் இயல்பை அளக்கப் போனது. கார்ட்ரைட் வைத்தியம் பார்த்த ஊரும் நியூ ஆர்லியன்ஸ்தான். தற்செயல்தான், ஆனால் வரலாறு எப்போதாவது இப்படி நாகரிகமில்லாமல் நடந்துகொள்ளும். 1999இல் ஓவன்ஸ் கார்னிங் என்ற நிறுவனம் பால்டிமோர் நீதிமன்றத்தில், கல்நார் நோய்க்கு நட்டஈடு கேட்கும் கருப்பர்கள் வெள்ளையரைவிடக் குறைவாக ஊதினால்தான் வழக்கு நடத்தத் தகுதி என்று கேட்டது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. கேட்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டமும் தம் மூன்றாம் அட்டவணையில் பஞ்சு, சணல் தூசியால் வரும் நுரையீரல் நோயைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டன. ஏட்டில் உரிமை வந்தது. உரிமையைக் கேட்கப் போகிறவன் கையில் என்ன கொண்டுபோக வேண்டும்? சீட்டு. சீட்டில் நான்காவது கட்டம் இருக்கிறது. வெள்ளையருடைய சமன்பாட்டை எடுத்து ஒட்டுமொத்தமாகத் தொண்ணூறு சதவீதமாக்கி இந்தியருக்குப் போடுவது சரிப்படாது என்று சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழக ஆய்வாளர்களே 2005இல் எழுதினார்கள். அதற்கு முன் 1990இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் விஜயனும் சகாக்களும் இங்குள்ள இளம் வயதினரை அளந்து தனிச் சமன்பாடு வகுத்திருந்தார்கள். உள்ளூர்ச் சமன்பாடு வாடகைச் சமன்பாட்டைவிட நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அதிலும் தொழிலுக்குக் கட்டம் கிடையாது.

அப்படியானால் திருத்தத்தை எடுத்துவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் நம் தோழர்கள் அவசரப்படுகிறார்கள். திருத்தமில்லாத வெள்ளையன் அளவை அப்படியே போட்டால், ஆரோக்கியமாக இருக்கிற இருபது வயதுப் பையனுக்கு ‘நுரையீரல் குறைவு, வேலைக்குத் தகுதியில்லை’ என்று வரும். கேட்டில் நின்று வேலை கேட்கிறவனுக்குத் திருத்தம் வேண்டும்; முப்பது வருஷம் கழித்து நட்டஈடு கேட்கிறவனுக்குத் திருத்தம் கூடாது. எண் எதுவாக இருந்தாலும் அதை எந்த மேசையில் வைத்து வாசிக்கிறார்கள் என்பதில்தான் அதன் அரசியல் இருக்கிறது, இரண்டு மேசையும் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கணக்கு இதை அப்பட்டமாகக் காட்டியது: அமெரிக்காவில் இனத் திருத்தத்தை நீக்கினால் கருப்பின முன்னாள் படைவீரருக்கான இயலாமை உதவித்தொகை ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் கூடும், அதே மாற்றத்தால் தீயணைப்பு போன்ற வேலைகளுக்குத் தகுதி இழப்பவர்களும் இருப்பார்கள். நூறு கோடி டாலர் என்பது ஒரு பெருக்கெண்ணின் விலை என்று படிக்கலாம்.

2012இல் உலகளாவிய சமன்பாடு என்று வந்ததில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று நான்கு பெட்டிகள். உலகத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வாழும் தெற்காசியாவுக்குப் பெட்டி இல்லை, ‘ஏனையோர்’ என்பதில் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். பிறகு இனம் பார்க்காத சமன்பாடு வகுக்கப்பட்டு, 2023இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் அதையே பயன்படுத்தச் சொன்னது. பரிந்துரை ஒரு நாளில் அச்சாகிவிடும். உலகமெங்கும் ஏற்கெனவே விற்றுப்போன மிஷின்களுக்குள் இருக்கிற மென்பொருளை யார் போய் மாற்றுவார்கள்?

கொரோனா நாட்களில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் இந்த வம்சம்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாதி வம்சம். 1970களில் ஜப்பானில் தகுவோ அவோயாகி கண்டுபிடித்த நுட்பம் அது. தோலுக்குள் ஒளியை அனுப்பி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணிக்கிறது. கருத்த தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி ‘பரவாயில்லை’ என்று சொன்னது, வெள்ளையரைவிடக் கருப்பரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு காட்டியது. 2021 கோடையில் நம் வீடுகளில் 94க்கு மேலா கீழா என்று அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் ஆக்சிமீட்டரின் பிழை மறதியால் வந்தது. கருத்த தோலை நினைத்துப் பார்க்காமல் செய்துவிட்டார்கள். ஸ்பைரோமீட்டரின் பிழை ஞாபகத்தால் வந்தது. நினைத்துப் பார்த்து, அளந்து, தசமப் புள்ளி வைத்து, ‘திருத்தம்’ என்று பெயரும் சூட்டிச் செய்தார்கள்.

இனத்தோடு ஒப்பிடாமல் நோயைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா என்றால், வழி அதே 1978 விதிக்குள்ளேயே இருக்கிறது. வாரத்தின் முதல் வேலை நாளில், பஞ்சுக்குள் போகுமுன் ஒருமுறை ஊதவை. சில மணி நேரம் வேலை பார்த்த பிறகு மறுபடி ஊதவை. காலையில் ஊதிய அவரோடு மாலையில் ஊதிய அவரை ஒப்பிடு. சேர்ந்த அன்று ஊதிய அவளோடு ஐந்து வருஷம் கழித்து ஊதுகிற அவளை ஒப்பிடு. இதில் வெள்ளையனும் வேண்டாம், ஆசியரும் வேண்டாம். வேண்டியது, சேர்ந்த அன்றைய சீட்டும், அது தொழிலாளியின் கையில் இருப்பதும்தான். நம் ஆலைகளில் இதுதான் சிரமம். வாரவிடுமுறை சுழற்சியில் வருகிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள் திங்கட்கிழமை; யாருடைய நெஞ்சு எந்தக் கிழமை இறுகியது என்று பக்கத்து மிஷின்காரருக்குக்கூடத் தெரியாது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் விடுதியில் வைத்து வேலை வாங்கப்பட்ட பெண்பிள்ளைகள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார்கள். நோய் முற்றுகிற வயதில் அவர்கள் எந்த ஊரில் எந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து இருமுகிறார்கள் என்பதை எந்தப் பதிவேடும் பின்தொடரவில்லை. இப்போது அந்த அறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் நிற்கிறார்கள். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் கூலி உண்டு, போனஸ் உண்டு, கேண்டீன் உண்டு. சேரும்போது ஒரு சீட்டு, விலகும்போது ஒரு சீட்டு, இரண்டின் நகலும் எங்கள் கையில், எங்கள் மொழியில் என்று ஒரு வரி அதில் சேர வேண்டும். நான்காவது கட்டத்தில் இனத்தை அடித்துவிட்டு, எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருஷம் என்று எழுதிய சீட்டு.